வெளிர் நகத்தில் மயில்கழுத்து: நிறம் மாறும் டாப்பர் வாங்கலாமா?

டாப்பர் என்பது நெயில் பாலிஷ் காய்ந்த பிறகு அதன் மேல் பூசும் மின்னும் பூச்சு. கடையில் அந்தப் பாட்டிலின் மூடியில் ஒட்டியிருக்கும் மாதிரி நகத்தைப் பார்த்தால் பச்சை, ஊதா, செம்பு என்று மூன்று நிறம் ஓடும். வீட்டுக்கு வந்து, வெளிர் ரோஸ் பூசிய விரலில் அதையே தடவினால் ஏதோ பளபளப்பு மட்டும் மிஞ்சும். பாட்டில் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த மாதிரி நகம் பெரும்பாலும் கறுப்புப் பூச்சின் மேல் போட்டது. வெளிர் நிறத்தின் மேல் இந்தச் சரக்கு வேறு விதமாகத்தான் வேலை செய்யும். அந்த விதம் பிடித்திருந்தால் வாங்கலாம். மூடியில் பார்த்ததே வேண்டுமென்றால் வெளிர் பேஸை (டாப்பருக்கு அடியில் பூசும் நிறத்தை) விட்டுவிட்டுக் கறுப்புக்கோ கரு நீலத்துக்கோ போய்விடுவது நல்லது.

காரணம் எளிது. இந்த டாப்பரில் சாயம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மைக்கா எனும் அபிரகத் துகளின் மேல் டைட்டானியம் டையாக்ஸைடை மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் படலத்தின் தடிமன். சோப்புக் குமிழியிலும், மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோலிலும் நிறம் தெரிகிறதே, அதே குறுக்கீட்டு விளைவுதான் இங்கேயும். படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒரு நிறம் திரும்பி வரும். மிச்ச நிறமெல்லாம் துகளைக் கடந்து கீழே போகும். கீழே கறுப்பு இருந்தால் போனதை விழுங்கிவிடும். திரும்பிய நிறம் தனியாக நின்று மின்னும். கீழே வெள்ளை இருந்தால் போனதும் திரும்பி வந்துவிடும்.

அதாவது வெளிர் பேஸின் மேல் ஒரே டாப்பர் இரண்டு நிறம் காட்டும். விளக்கோ வெயிலோ பட்டுத் தெறிக்கும் கோணத்தில் ஒன்று, மற்றக் கோணங்களில் அதற்கு எதிர் நிறம் லேசாக. பச்சை மின்னும் டாப்பர் சாதாரணமாகப் பார்க்கும்போது மெல்லிய ரோஸாகத் தெரியும். நீலம் மின்னுவது மஞ்சள் கலந்த தந்த நிறமாகத் தெரியும். சிவப்பு மின்னுவதில் ஒரு பச்சைச் சாயல் நிற்கும். தங்கம் மின்னுவதில் நீலச் சாயல். இந்த நாலு வரியைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலே பாதிக் காசு மிச்சம்.

மயில்கழுத்துப் பட்டோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு, பாதி சரி. பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் சாயம் போட்ட நூல். கீழே என்ன துணி இருந்தாலும் அந்த நிறம் மாறாது. டாப்பரில் கீழே இருப்பதுதான் ஊடை. அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் உள்ள ஃபேன்சி ஸ்டோர்களில் ஷிஃப்ட், யூனிகார்ன், அரோரா, மல்ட்டிகுரோம் என்று என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று ரகம்தான். முதல் ரகம் மேலே சொன்ன அபிரகத் துகள், அதாவது மெல்லிய பெர்ல். பாட்டிலில் பால் கலந்த தண்ணீர் போல இருக்கும். சாய்த்தால் ஒரு நிறம் ஓடும். வெளிர் பேஸுக்கென்றே பிறந்தது இதுதான். இரண்டாவது ஃப்ளேக்கி. ஒழுங்கற்ற செதில்கள், மீன் செதிலை நுணுக்கிப் போட்டது போல இருக்கும். வெளிர் நிறத்தின் மேல் ஓப்பல் கல் மாதிரி அடக்கமாக மின்னும். கிட்டத்தில் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாவது, அடர்ந்த உலோக மல்ட்டிகுரோம். ஐந்நூறு ரூபாய் நோட்டின் பாதுகாப்பு இழையைச் சாய்த்தால் பச்சை நீலமாவது போல, துகளே ஒளியை உள்ளே விடாமல் நிறம் மாறிக் காட்டும். இரண்டு கோட்டில் நகத்தை மூடிவிடும். அடியில் வெள்ளை போட்டாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். மூன்றிலும் விலை அதிகம் இதற்கே. வெளிர் பேஸின் மேல் போட இதை வாங்குவது, பட்டுப்புடவைக்கு மேல் கம்பளி போர்த்துவது.

எது எந்த ரகம் என்று லேபிளில் கொஞ்சம் தெரியும். மைக்காவும், 77891 என்ற எண்ணும் (அது டைட்டானியம் டையாக்ஸைடின் நிற எண்) இருந்து, கறுப்பு, சிவப்பு என்று வேறு சாயம் இல்லாவிட்டால் மெல்லிய பெர்ல். போரோசிலிகேட் என்று இருந்தால் கண்ணாடிச் செதில். மின்னல் கூர்மையாக, புள்ளி புள்ளியாக இருக்கும். அலுமினியமும் மெக்னீசியம் ஃப்ளோரைடும் இருந்தால் மூன்றாவது ரகம். 77499 இருந்தால் உள்ளே கறுப்பு அயர்ன் ஆக்ஸைடு கலந்திருக்கிறது. வெளிர் பேஸ் சாம்பல் பூத்துப் போகும்.

லேபிள் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. கையில் ஒரு துண்டு செல்லோடேப் அல்லது கண்ணாடிக் கவர் கொண்டு போங்கள். டெஸ்டர் பாட்டில் இருந்தால் அதில் ஒரு இழுப்பு தடவி, ஒரு நிமிடம் காயவிட்டு, பில் தாளின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு தடவை, போனின் கறுப்புத் திரையில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பில் தாளின் மேல் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் உங்கள் விரலில் இருக்கும். கடைக்குள் நீள டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னல் கரைந்து போகும். எல்லாப் பக்கமும் ஒளி பரவினால் தெறிக்கும் கோணம் என்று ஒன்று தனியாக நிற்காது. வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு முறை பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி பேஸ். சுத்த வெள்ளை வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு. வெள்ளையின் மேல் எதிர் நிறம் முழு பலத்தோடு ஏறும். நீல டாப்பர் மஞ்சள் பிடித்த நகமாகத் தெரியும். பச்சை மின்னும் டாப்பருக்கு ரோஸ்மில்க் நிறம்தான் ஜோடி. அதன் எதிர் நிறமும் ரோஸ் என்பதால் பேஸோடு சேர்ந்து போகும். கை அசையும்போது மட்டும் பச்சை எட்டிப் பார்க்கும். இந்த ஜோடிக்குப் பத்துக்கு ஒன்பது. சித்திரைத் திருவிழாவுக்குப் பச்சைப் பட்டு எடுத்தவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். நீலம் மின்னும் டாப்பருக்கு வெளிர் லாவண்டர் பேஸ் கொடுத்தால் மஞ்சள் சாயல் அடங்கிப் போகும், ஏழு மதிப்பெண். தங்கம் மின்னுவதற்கு சந்தன நிறமோ, ஜிகர்தண்டா நிறம் என்று சொல்லத்தக்க பால் கலந்த வெளிர் பழுப்போ பொருந்தும். மாநிறக் கைகளுக்கு இதுதான் உறுத்தாமல் இருக்கும். எட்டு. சிவப்பு மின்னுவதை வெளிர் பேஸுக்கு வாங்கவே வேண்டாம். அந்தப் பச்சைச் சாயல் நகத்தில் பாசி பிடித்தது போல இருக்கிறது. எந்த பேஸும் அதை முழுதாக மறைக்கவில்லை.

பேஸ் பூச்சு கிரீம் ரகமாக இருக்க வேண்டும், அதாவது பெர்லோ ஜிகினாவோ இல்லாமல். பெர்லின் மேல் பெர்ல் போட்டால் இரண்டு மின்னலும் ஒன்றையொன்று கெடுக்கும்.

பூசும் முறையில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பூசாதீர்கள். நல்லெண்ணெய் நகத்திலும் அதன் ஓரத் தோலிலும் ஊறியிருக்கும். பூச்சு மறுநாளே தகடாகக் கழன்று வரும். மற்ற நாட்களிலும் பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒவ்வொரு நகத்தையும் ஒரு முறை துடைத்த பிறகே தொடங்க வேண்டும். பேஸ் கோட் (நிறத்துக்கு முன் நகத்தில் நேராகப் பூசும் நிறமற்ற பூச்சு) மெல்லியதாக ஒன்று. வெளிர் நிறம் மெல்லியதாக இரண்டு; நடுவில் மூன்று நிமிடம். வெளிர் பூச்சுகளில் டைட்டானியம் டையாக்ஸைடு அதிகம், அது கனமானது, பாட்டிலின் அடியில் படியும். பூசும் முன் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்தால் மோர் கடைவது போல முப்பது வினாடி உருட்டுங்கள். குலுக்கினால் காற்று புகுந்து குமிழி வரும். முதல் கோட்டில் கோடு கோடாகத் தெரிவது இயல்பு, அங்கேயே திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். இரண்டாவது கோட் அதைச் சமன் செய்யும்.

அடுத்த வேலை காத்திருப்பது. பத்து நிமிடம். டாப்பரில் உள்ள எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் பேஸிலும் இருக்கும் கரைப்பான்கள்தான். அரைகுறையாகக் காய்ந்த பேஸின் மேல் டாப்பரைத் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து பிரஷோடு இழுபடும். நடுவில் வழுக்கை விழும், டாப்பர் பாட்டிலுக்குள்ளும் வெள்ளை கலந்து அது நிரந்தரமாகக் கலங்கிப் போகும். அவசரம் என்றால் நடுவில் நிறமற்ற கோட் ஒன்று போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அது காப்பாகவும் இருக்கும், மேற்பரப்பைக் கண்ணாடி போல மட்டமாக்கவும் செய்யும். மட்டமான பரப்பில் துகள்கள் படுத்துக் கிடக்கும். படுத்த துகள்தான் ஒளியை ஒரே திசையில் தெறிக்கும். மேடும் பள்ளமுமாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் தெறித்து, வெறும் வெள்ளிப் பளபளப்பாகிவிடும்.

டாப்பர் எடுக்கும்போது பிரஷின் ஒரு பக்கத்தை பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறுபக்க நுனியில் ஒரு மிளகு அளவு துளி நிற்கட்டும். ஓரத் தோலிலிருந்து ஒரு நெல் தடிமன் தள்ளி வைத்து, அங்கிருந்து நுனி வரை மூன்றே இழுப்பு: நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பிரஷை அழுத்தக் கூடாது. துளியை முன்னால் தள்ளிக்கொண்டு போவது போல மிதக்கவிட வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு விழுந்தாலும் காய்ந்த பிறகு அந்தத் தடம் தனியாக மின்னிக் காட்டிக் கொடுக்கும், ஏனென்றால் துகள்கள் பிரஷ் போன திசையிலேயே வரிசையாகும். கடைசியில் நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு தொடுதல் கொடுங்கள்.

முதல் கோட்டில் ஒன்றுமே தெரியவில்லையே என்று பலரும் பதறி இரண்டாவதை உடனே கனமாகப் போடுகிறார்கள். நாலு நிமிடம் விட்டு, முதல் கோட்டைப் போலவே மெல்லியதாக இரண்டாவது. அதோடு நிறுத்துங்கள். மூன்றாவது கோட்டில் பேஸின் நிறம் மங்கி, நகம் முழுக்க ஒரே முத்துப் பளபளப்பாகி, பழைய கல்யாண ஆல்பங்களில் வரும் பெர்ல் பாலிஷ் போல ஆகிவிடும். அது வேண்டுமென்றால் அதற்கு மலிவான பாட்டில்கள் நிறையவே இருக்கின்றன.

ஃப்ளேக்கியை மட்டும் பிரஷால் இழுக்காதீர்கள். மேக்கப் ஸ்பாஞ்சின் சிறு துண்டில் தடவி, நகத்தின் மேல் ஒற்ற வேண்டும். திரவத்தை ஸ்பாஞ்ச் குடித்துவிடும், செதில் நகத்தில் நிற்கும். ஓரத்தில் தூக்கி நிற்கும் செதிலை விரலால் அமுக்கிப் படுக்க வைத்த பிறகே டாப் கோட், அதாவது எல்லாவற்றுக்கும் மேல் பூசும் நிறமற்ற காப்புப் பூச்சு.

டாப் கோட் பளபளப்பு ரகமாகத்தான் இருக்க வேண்டும். மேட் டாப் கோட் போட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடித்துவிடும். இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். சாதாரண பாலிஷின் மேல் ஜெல் டாப் கோட் போட்டு விளக்கில் காயவைக்கும் வேலையும் வேண்டாம். அடியில் சிக்கிய கரைப்பான் வெளியே வர வழியில்லாமல் சுருங்கும், பிறகு மொத்தமாக உரிந்து வரும்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் 38, 40 டிகிரியில், தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுழல, மதியம் இரண்டு மணிக்குப் பூசினால் குமிழி வந்தே தீரும். பூச்சின் மேல்தோல் நிமிடத்தில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி அதை முட்டிக்கொண்டு குமிழியாக நிற்கும். வெளிர் பேஸில் அந்தக் குமிழி ஒவ்வொன்றும் ஊசிமுனை ஓட்டையாகத் தெரியும். காலையிலோ இரவிலோ, ஃபேனை நிறுத்திவிட்டோ காற்று நேரே படாத மூலையிலோ பூசுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரலை முக்குவது மேற்பரப்பை இறுக்குமே தவிர உள்ளே காயவைக்காது. ஐந்தாறு கோட் சேர்ந்த பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே கால் மணி நேரம் ஆகும். படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இல்லையென்றால் காலையில் போர்வை நெசவு நகத்தில் அச்சடித்திருக்கும். இந்த ஆவி தீப்பற்றக் கூடியது. அடுப்படியிலும் விளக்கேற்றிய பூஜை அறையிலும் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

மருதாணி வைத்த நகத்துக்கு இன்னொரு கணக்கு. மருதாணியின் சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடும், எந்த ரிமூவருக்கும் மசியாது. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவே வளரும். ஆகவே முழுதாகப் போக ஆறு மாதம் வரை ஆகலாம். பால் போன்ற மெல்லிய பேஸ் போட்டால் அடியில் ஆரஞ்சு தெரியும். அதன் மேல் டாப்பரின் எதிர் நிறம் சேர்ந்து அழுக்கு நிறமாகும். முதலில் அடர் வெள்ளை ஒரு மெல்லிய கோட், அதன் மேல் வேண்டிய வெளிர் நிறம் ஒரு கோட் என்று மாற்றுங்கள். அல்லது வெளிர் பேஸையே விட்டுவிட்டு, மருதாணிச் சிவப்பின் மேல் நேராகத் தங்கம் மின்னும் டாப்பரைப் போட்டுப் பாருங்கள். இந்த விமர்சனத்தில் சொல்லும் எல்லாவற்றையும்விட அது அழகாக இருக்க வாய்ப்புண்டு.

மஞ்சள்தூள் வெளிர் நகத்துக்கு ஜென்ம விரோதி. சாம்பாருக்குப் பொடி போட்டுப் பிசைந்து சாப்பிட்ட கை மூன்று நாளில் ரோஸ்மில்க்கை மாம்பழ மில்க்ஷேக் ஆக்கிவிடும். கறை பெரும்பாலும் மேலே உள்ள டாப் கோட்டில்தான் ஏறும். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் மங்கக் கூடியது, எனவே காலை வெயிலில் கொஞ்ச நேரம் கையைக் காட்டினால் வெகுவாகக் குறையும். மீன் கழுவி மசாலா தடவும் நாளில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இன்னொரு மெல்லிய டாப் கோட் போடுவது கறைக்கும் நல்லது, நுனி தேய்மானத்துக்கும் நல்லது. மல்லிகை தொடுப்பவர்களுக்கு நார் இழுபடும் விரலில் நுனி முதலில் போகும்; அந்த நகங்களை மட்டும் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்வதுதான் வழி.

உழைப்பு எவ்வளவு? பேஸ் கோட் ஒன்று, நிறம் இரண்டு, டாப்பர் இரண்டு, டாப் கோட் ஒன்று. ஆறு கோட், காத்திருப்பு உட்பட முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒழுங்காகப் பூசினால் கையில் நாலைந்து நாள், காலில் இரண்டு வாரம் நிற்கும். விசேஷ வீட்டுக்குப் போகும் முதல் நாள் இரவு பொறுமையாக உட்கார முடிந்தவர்களுக்குச் சரி. அரை மணியில் கிளம்ப வேண்டியவர்கள் இதைத் தொடவே வேண்டாம், ஒற்றை நிற கிரீம் பாலிஷே போதும்.

வாங்கும்போது பாட்டிலிலோ அட்டையிலோ தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண். எடைக்கு விற்பது போலக் குவித்து வைத்த பெயரில்லாப் பாட்டில்கள் விலையில் இழுக்கும். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. வெயில் விழும் ஷோகேஸில் முன்வரிசையில் நிற்கும் பாட்டில் வேண்டாம், பின்னால் இருப்பதைக் கேளுங்கள். டாப்பரைக் கவிழ்த்துப் பிடித்தால் துகள் அடியிலிருந்து சீராக இறங்க வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றால் பழைய சரக்கு. சின்ன பாட்டிலே எடுங்கள். பத்து விரலுக்கு இரண்டு மெல்லிய கோட்டுக்கு அரை மில்லி அளவுதான் செலவாகும். ஒன்பது மில்லி பாட்டில் தீரும் முன் கெட்டியாகிவிடும்.

கெட்டியானால் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு, மூன்று சொட்டு விட்டு உருட்டுங்கள். ரிமூவர் ஊற்றாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பூச்சின் கட்டமைப்பையே கெடுத்துவிடும், துகள் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும்.

எடுப்பது போடுவதைவிடத் தொல்லை, முக்கியமாக ஃப்ளேக்கி. பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தின் மேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு நுனியை நோக்கி ஒரே இழுப்பாக வழியுங்கள். தேய்த்தால் வெளிர் பேஸின் வெள்ளை முழுக்க ஓரத் தோலில் போய் அப்பிக்கொண்டு, விரல் சுண்ணாம்பு தொட்டது போல நிற்கும். அதற்குப் பழைய டூத் பிரஷில் கொஞ்சம் ரிமூவர் தொட்டு ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு, கையைக் கழுவி, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய்.